படத்தில் அகப்படாத தீ

சாஆ வட்டாரத்துத் தோட்டங்களில் மறுநடவுக்குத் தீ வைக்கும் காட்சியை இன்றைய மாணவன் கண்டிருக்க வழியில்லை. முதிர்ந்த செம்பனையை இயந்திரம் சாய்க்கிறது. தண்டைச் சீவிச் சில்லுகளாக்கி வரிசைக்கு வரிசை குவிக்கிறது. ஏறத்தாழ ஈராண்டில் அவை மக்கி மண்ணாகின்றன. தீக்குச்சிக்கு அங்கு வேலையில்லை. ஆயினும் தீயைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தால் அம்மாணவன் சற்றும் தயங்குவதில்லை. செய்தித்தாளில் வந்த செந்தழற் படமொன்று அவன் நினைவில் நிற்கிறது. பொறுப்பற்றோர் வைத்த தீ, அதனால் எழுந்த புகை, புகையால் வந்த நோய், நோய்க்கு அரசின் நடவடிக்கை என நான்கு பத்திகளை எழுதி முடித்து நல்ல புள்ளியும் பெறுகிறான். காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லப் பழகுகிறான்.

மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுக்கு முன் நிற்கும் மேடைப் பேச்சாளரும் எழுத்தாளரும் இதன் மறுபாதியைச் செய்து வருகின்றனர். காட்டை அழித்து நாட்டை ஆக்கிய பரம்பரை என்னும் முழக்கம் தோட்டத்து மக்களின் வரலாற்றுக்கு முன்னுரையாகிவிட்டது. கரிகாலன் காட்டைத் திருத்தி நாடாக்கியதைப் பட்டினப்பாலை புகழ்ந்திருப்பது அதற்குத் துணைக்கழைக்கப்படுகிறது. வகுப்பறையில் தீ குற்றவாளி. மேடையில் அதே தீ வீரத்தின் சின்னம். இரண்டு இடங்களிலும், அதைக் கையில் ஏந்தி நடந்தவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரிந்தது சிறிதன்று. காடு திருத்துங்கால் முதலில் அடிப்புதரை வெட்டினர். பிறகு பெருமரங்களைச் சாய்த்தனர். சாய்ந்தவை வெயிலில் வாரக்கணக்கில் காய்ந்தன. எல்லையைச் சுற்றி இலைசருகின்றித் துப்புரவான பட்டையொன்று செதுக்கப்பட்டது. மழை பெய்யாத நாளின் நண்பகல், காற்று எத்திசையினின்று வருகிறதென்று பார்த்து, காற்று சென்று முட்டும் ஓரத்தில் முதலில் தீயிடுவர். அது காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்து அகன்ற கரும்பட்டை ஒன்றை உண்டாக்கும். அதன் பின்னரே காற்று புறப்படும் பக்கத்தில் பந்தங்கள் வைக்கப்படும். பெருந்தீ ஓடிவந்து, முன்பே எரிந்த இடத்தில் உண்பதற்கொன்றுமின்றி அடங்கும். இம்முறையைப் பிழைத்தோர் அடுத்தவர் நிலத்தையும் எரித்தனர். எரியாது எஞ்சிய கட்டைகளை அடுக்கி மீண்டும் எரிக்கும் வேலைக்கு மலாய்மொழியில் 'பெருன்' என்று தனிச்சொல்லே உண்டு. தமிழில் அதற்கொரு சொல் அகராதியில் ஏறவில்லை. ஆனால் அவ்வேலையைச் செய்த கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன.

தீ ஒருநாளில் அணைந்தது. அதன் விளைவு அணையவில்லை. சாம்பல் தந்த உரத்தை முதல் மழைகள் கழுவிச் சென்றன. நிழலிழந்த சரிவுகளில் மேல்மண் கரைந்து ஓடியது. மண்ணுக்கடியில் கிழங்குவேரோடிருந்த லாலாங் புல் மட்டும் தீயால் சாகாமல் முன்னிலும் செழித்து எழுந்தது. அதைத் தோண்டி எடுக்கப் பெண்கள் வளைந்த முதுகோடு நிரை பிடித்தனர். பின்னர்ச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சைத் தெளிக்கும் காலமும் வந்தது. மேடையில் முழங்கும் வீரத்தில் இந்தப் பகுதி ஏனோ விடுபட்டுப் போகிறது.

இனிப் படத்துக்கு வருவோம். நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட தீ நல்ல படத்துக்கு உதவாது. கணுக்கால் உயரத் தழல், மெல்லிய வெண்புகை, கோலூன்றி நடக்கும் ஒருவன் — இதை எந்த ஏடு முதற்பக்கத்தில் இடும்? கை மீறிய தீயே ஒளிப்படக் கருவிக்கு உகந்தது. மிகக் கொடிய தீயோ அக்கருவிக்குக் கிட்டுவதே அரிது. காம்புட் எனப்படும் மக்கிய சதுப்பு மண், கால்வாய் வெட்டி நீர் வடிக்கப்பட்ட பின் காய்ந்து, மேலே தழல் காட்டாமல் நிலத்தடியில் கனன்று வாரக்கணக்கில் புகைகிறது. இந்தோனேசியா 1996-இல் மத்தியக் காலிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் எக்டர் நிலத்தை நெல்வயலாக்க முனைந்து இவ்வாறே நீரை வடித்தது. அடுத்த ஆண்டு வறட்சியில் அது எரிந்தது. கேட்டின் வேர் கால்வாய்த் திட்ட வரைபடத்தில் இருந்தது. வரைபடம் செய்திப் படமாவதில்லை. நல்ல தீயையும் மிகக் கொடிய தீயையும் விட்டுவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் காட்டும் கருவியை முழுச்சாட்சியாகக் கொள்வது எப்படித் தகும்?

பழைய படங்களும் நடுவுநிலை உடையன அல்ல. ஆர்னால்ட் ரைட் 1908-இல் பதிப்பித்த பிரித்தானிய மலாயா பற்றிய பெருநூலில் தோட்டங்களின் படங்கள் நிறைந்துள்ளன. துரைமார்க்குப் பெயரும் வரலாறும் உண்டு. தொழிலாளர் பெயரற்ற கூட்டமாக நிற்கின்றனர்.

யார் வைத்த தீ என்பதைப் பொறுத்தே அதற்குப் பெயரும் மாறியது. இலங்கையில் குடியானவன் காட்டை எரித்து விதைத்தால் அது சேனைப் பயிர்ச்செய்கை. வீண் அழிவென்று ஆங்கில அதிகாரிகள் இகழ்ந்தனர். 1840-ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டம் அத்தகைய காடுகளை அரசுடைமையாக்கியது. பின்னர் அக்காடுகளில் எத்தனையோ காப்பித் தோட்டத்துக்காக எரிக்கப்பட்டன. அது முன்னேற்றம் எனப்பட்டது. மலாய்மொழியின் 'லாடாங்' என்னும் சொல் மலைச்சரிவில் எரித்து விதைத்த சிறு புனத்தைக் குறித்தது. இன்று பெருந்தோட்டத்தின் பெயர்ப்பலகையிலும் அச்சொல்லே நிற்கிறது. சாஆவுக்கு அண்மையிலுள்ள பெக்கோக் வழியே சென்றால் எண்டாவ் ரொம்பின் காட்டையும் அதைச் சார்ந்து வாழும் ஜக்குன் மக்களையும் காணலாம். மலைநெல்லுக்குச் சிறு நிலத்தை எரித்துச் சில ஆண்டுகளில் காட்டுக்கே திருப்பி விட்ட மரபினர் அவர்கள். அவர்களின் தீயும் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கரியாக்கிய நிறுவனத் தீயும் ஒன்றா?

தமிழாசிரியர்க்கு இது புறத்தே கிடக்கும் செய்தியன்று. குறிஞ்சித் திணை கற்பிக்கும்போது தினைப்புனமும் கிளியோட்டும் தலைவியும் தவறாமல் வருகின்றனர். அப்புனம் எவ்வாறு வந்தது என்று கேட்பவர் அரியர். குறவர் மரங்களை வெட்டி எரித்த நிலமே அது. எரிந்த மரங்களின் நறும்புகை சங்கப் பாடல்களில் கமழ்கிறது. வில்லிபாரதத்தின் காண்டவ தகனமோ வேறு வகைத் தீ. தன் பசிக்காக ஒரு வனத்தையே உயிர்களோடு உண்டது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணத் தெரிந்த இலக்கியத்துக்கு உரியவர்கள், செய்தித்தாளில் எல்லாத் தீயையும் ஒன்றெனக் கொள்வது வியப்பே.

தீக்கு வக்காலத்து வாங்குவதா என்று சிலர் சினக்கலாம். தீயின்றி மறுநடவு செய்யும் முறையை 1989-இல் கோல்டன் ஹோப் நிறுவனம் பெருமளவில் மேற்கொண்டது நன்மையே. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998-இல் சேர்ந்த 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்புக்கு 5 இலட்சம் வெள்ளி வரை தண்டமும் 5 ஆண்டு வரை சிறையும் விதித்ததும் வேண்டியதே. பின்னர் அத்தண்டம் உயர்த்தவும் பட்டது. மக்கும் தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகுவதால் புதிய தொல்லை உண்டெனினும், புகையைக் காட்டிலும் வண்டு மேல். 2013 சூன் திங்களில் அண்டை மாவட்டமான மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதை ஜொகூர் மக்கள் மறவார்.

ஆனால் சட்டம் தீயைத் தடுத்தது, சாட்சியத்தை வளர்க்கவில்லை. 1997 நவம்பரில், புகைமூட்டம் பற்றிப் பொதுவில் பேசலாகாது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு அரசு வாய்ப்பூட்டு இட்டது. குறியீட்டு எண்களும் சில ஆண்டுகள் மறைக்கப்பட்டு, 2005 ஆகத்தில்தான் மீண்டும் வெளிவரலாயின. அறிந்தவர் பேசக்கூடாது, அளந்ததைச் சொல்லக்கூடாது. படத்தை மட்டும் பார்க்கலாம் என்ற நிலையில் வளர்ந்த தலைமுறை படத்தையே உண்மையெனக் கொண்டதில் வியப்பில்லை.

ஆத்திரேலியத் தொல்குடியினரின் குளிர்ந்த தீ அறிவை இகழ்ந்து ஒதுக்கிய வெள்ளையர், இன்று வடபுலக் காடுகளைக் காக்க அதே முதியோரை அழைத்துச் சென்று பாடம் கேட்கின்றனர். சாஆவிலும் லாபீசிலும் யோங் பெங்கிலும் அத்தகைய முதியோர் தமிழ் பேசுகின்றனர். அவர்களின் பேரப்பிள்ளைகளோ இணையத்தில் எடுத்த தழற்படத்தை ஒட்டி ஒப்படைவு செய்து தருகின்றனர். அவ்வொப்படைவை ஏற்காமல் திருப்பித் தரும் ஆசிரியர் எத்தனை பேர்?

பாட்டியிடம் கேட்டுவா என்று ஒரு சொல் சொன்னால் போதும். எந்த ஓரத்தில் முதலில் தீயிட்டனர், காற்று திரும்பினால் யார் குரல் கொடுத்தனர், தீக்காயம் பட்டவனைத் தோட்டத்து மருந்தகத்துக்கு யார் தூக்கிச் சென்றனர், அன்றைய நாளுக்குப் பெயர் போட்டனரா, அரைப்பேரா, எரிக்கும் பொழுது லயத்துக் குழந்தைகளை எந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினர் — இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் தோட்டம் விட்டு வந்த தாமான் வீடுகளின் முன்னறைகளில் இன்னும் சிலர் அமர்ந்திருக்கின்றனர்.