பரணில் இருக்கும் வாய்ப்பாடு

ஆசிரியருக்கு,

விளையாட்டு வழிக் கணிதம் பற்றிய கட்டுரை படித்தேன். இங்கே கேரளத்தில் தொடக்கப் பள்ளிக் கணினிப் பாடநூலுக்கே ‘களிப்பெட்டி’ (விளையாட்டுப் பெட்டி) என்று பெயர். தமிழ்நாட்டிலும் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் என் பேத்திக்கு ஐந்தாம் வாய்ப்பாடு பிடிபட்டது பல்லாங்குழியில். குழி 14, குழிக்கு ஐந்து மஞ்சாடி, மொத்தம் 70. எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று விரல் நீட்டி எண்ணிப் பார்த்துத்தான் இப்போது கை வைக்கிறாள். ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று கத்திக்கொண்டே அள்ளுகிறாள். (தோற்பது பெரும்பாலும் நான்.) கைப்பேசி ஆட்டத்தில் விடை தப்பினால் மணி அடிக்கிறது, அவ்வளவுதான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து மதிப்பெண் வேண்டும் பெற்றோர், பரணில் கிடக்கும் பல்லாங்குழியையும் இறக்கிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
பழவங்காடி, திருவனந்தபுரம்