பாலாற்றங்கரைக்கு ஓர் ஆடியோ வழித்துணை

ஜி.பி.எஸ். ஆடியோ டூர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செல்போனை காரில் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு இடம் வரும்போதும் அந்த இடத்தின் கதையை அதுவே சொல்லும். கைடு வேண்டாம், பட்டனை அழுத்தவும் வேண்டாம். கலிபோர்னியாவின் நாபா போன்ற ஒயின் பகுதிகளுக்கும், அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கும் இப்படிப் பல டூர்கள் விற்பனையாகின்றன.

நமக்கும் ஓர் ஆற்றங்கரை சாலை இருக்கிறது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பெரும்பாலும் பாலாற்றை ஒட்டித்தான் போகிறது. தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் இதில் பறக்கின்றன. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவதோடு சரி. இந்தச் சாலைக்குத் தமிழில் ஓர் ஆடியோ டூர் வேண்டும் என்பது என் கருத்து.

டெக்னாலஜி பெரிய விஷயமே இல்லை. மேப்பில் ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். போன் அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் எம்பி3 பைல் ஓட வேண்டும். அவ்வளவுதான். கணக்கில்தான் கவனம் தேவை. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. சாஃப்ட்வேர் 5 நொடிக்கு ஒருமுறை இடத்தைப் பார்த்தால், அதற்குள் 110 மீட்டர் போய்விடும். வட்டத்தின் ஆரம் 50 மீட்டர் என்றால் அதைத் தாண்டியே போய்விடலாம்! 200 மீட்டராவது வையுங்கள். திசையையும் பார்க்க வேண்டும். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா போகும்போது ஆறு வலப்பக்கம். திரும்பி வரும்போது இடப்பக்கம். ஒரே பைலை இரண்டு பக்கமும் ஓட்டினால் கேட்பவர் எதிர்ப்பக்க வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நெட் இல்லாமலும் ஓட வேண்டும். 64 கே.பி.பி.எஸ். தரத்தில் 40 நிமிடப் பேச்சு 20 எம்.பி.கூட வராது. வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டு கிளம்பலாம்.

கதைக்கும் பஞ்சமில்லை. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள். அவர்களை ஆத்திரப்படுத்திய புதுத் தலைப்பாகையில் தோல் பட்டை ஒன்றும் இருந்தது. தோல் ஊர்களின் வழியே போகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? விரிஞ்சிபுரம் கோயிலில் நிழலை வைத்து மணி காட்டும் கல் இருக்கிறது. அங்குள்ள இறைவன் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், அதாவது வழித்துணைநாதர். ஆடியோ டூருக்கு இவரே ஸ்பான்சர் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆம்பூரில் 1749-ல் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் உயிரிழந்தார்.

இதுவரை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பிரச்சினை தோல் தொழிற்சாலைகள் வரும்போதுதான். அங்கே குரல் என்ன சொல்ல வேண்டும்? "ஏற்றுமதியில் சிறந்த ஊர்" என்று சொல்லிவிட்டு ஒரு வீணை இசையைப் போட்டுவிடுவது சுலபம். சுற்றுலா விளம்பரங்கள் அப்படித்தான் செய்யும். ஆனால் கண்ணாடியை இறக்கினால் வாடை வருகிறதே! கேட்பவர் முட்டாளா?

தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு தண்ணீரில் கரைகிறது, குரோமியமும் சேர்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது சுப்ரீம் கோர்ட்டின் 1996 தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குப் பயனற்றுப் போனது என்ற ஆய்வையும் அது எடுத்துக் காட்டியது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த இந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தியா முழுக்கப் படிக்கும் வழக்கு. அந்தச் சாலையில் போகிற நமக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்கச் சொன்னது.

"ஊர்ப் பெயரைக் கெடுக்காதே" என்று சிலர் கோபிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இந்தத் தொழிலை நம்பித்தான் இங்கே ஏராளமான வீடுகளில் உலை கொதிக்கிறது. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் நிற்கும் பெண்களும் இந்தச் சாலையின் கதைதான். அவர்கள் குரலையும், கிணறு உப்பான விவசாயியின் குரலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்து போடுங்கள். அறிவிப்பாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 90 நொடிப் பேச்சுக்குள் கார் 2 கி.மீ. போய்விடும், அதற்குள் ஆளுக்கு 45 நொடி. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் உருதுவிலும் ஒரு பதிப்பு அவசியம்.

இதற்கு அரசையோ பெரிய கம்பெனியையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. வாய்ஸ்மேப் போன்ற தளங்களில் நீங்களே டூர் தயாரிக்கலாம். ஒரு ஹெட்செட் மைக், இலவச ஆடாசிட்டி சாஃப்ட்வேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ரெக்கார்டிங்கின்போது ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். சோதனை ஓட்டத்தின்போது ஒருவர் ஓட்ட, இன்னொருவர் போனைப் பார்க்கட்டும். ஆம்பூர்க்காரர் யாராவது முதல் பைலைப் பேசித் தந்தால், வட்டம் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.