ஏட்டுச் சட்டமும் வீட்டு வாடகையும்

"வருமானச் சான்றிதழ் எங்கே?"

கேட்டவர், நீதிமன்ற வளாகத்தின் ஓரத்து அறையிலே அமர்ந்திருந்த எழுத்தர். கேட்கப்பட்டவரோ, நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாய். பனியன் ஆலையிலே உழைப்பவர். குடியிருந்த வீட்டைக் காலிசெய்து நான்கு திங்கள் ஆகியும், கொடுத்த முன்பணம் 60,000 ரூபாய் திரும்பவில்லை. வெள்ளையடிக்க இவ்வளவு, குழாய் பழுதுக்கு இவ்வளவு என்று கணக்கு வளர்ந்ததேயன்றிக் காசு வரவில்லை. இலவசச் சட்ட உதவி உண்டென்று நாம் சொன்ன சொல்லை நம்பி, ஒருநாள் கூலியை இழந்து வந்தவர், சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் தலைகுனிந்து திரும்பினார்.

தோழர்களே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்த நேரத்தில் நமக்கும் வாயெழவில்லை. பட்டம் பெற்றவர்கள் நாம்! மேடைதோறும் உரிமை பேசுவோர் நாம்!

அன்றிரவு சட்டத்தைப் புரட்டினோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவு. பெண்ணுக்கு உதவி உண்டு. அவள் வருமானம் என்னவென்று அங்கே கேள்வியே இல்லை. குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கும் அவ்வாறே. நம் தாய்க்கோ பெண் என்ற உரிமையும் உண்டு, தொழிலாளி என்ற உரிமையும் உண்டு. இந்தப் பிரிவுகளில் அடங்காத ஏழைக்குத்தான் வருமான வரம்பு. அவருங்கூட வருமானத்தைக் கூறி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். ஐயுறக் காரணம் இல்லையேல் அதுவே போதுமென்கிறது 13-ஆம் பிரிவு. வழக்கிலே அடிப்படை இருக்கவேண்டும் என்பதே மற்றொரு நிபந்தனை. எனில், எதற்காக அந்தத் தாயை விரட்டியது அந்த மேசை?

இலவசம் என்றதும் இளக்காரம்! கோயில் வாசலிலே பிச்சை கேட்பவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை! சமவாய்ப்புள்ள நீதிக்காக இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான சட்டம் பிறந்தது 1987-இல். நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-ஆம் நாள். தவழ்வதற்கே எட்டாண்டு எடுத்துக்கொண்ட குழந்தை, குடிசைவரை எப்போது நடந்துவருமோ!

வாடகைக்கும் தனிச் சட்டம் உண்டு. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது முறையன்று என்கிறது. 'வேறுவிதமாக உடன்பாடு இருந்தாலன்றி' என்றும் கூடவே சொல்கிறது. யானை நுழையும் ஓட்டை! வீடு தேடி அலைபவன் எந்த உடன்பாட்டுக்குத்தான் கையெழுத்திட மறுப்பான்? ஆனாலும் தண்ணீரை அடைத்து, மின்சாரத்தைத் துண்டித்து வெளியேற்றுவதை அச்சட்டம் தடுக்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்யவேண்டும் என்கிறது. எழுத்தாக இருப்பதே ஏழைக்குத் துணை.

கடைத்தெருவிலும் இதே கதைதான். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரசீதின் அடியிலே அச்சிட்டுவிட்டால் அது வேதவாக்கா? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்வரை எனில் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இரண்டாண்டுக்குள் முறையிடவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

"தலையெழுத்து, விட்டுவிடு" என்று அந்தத் தாய்க்கு அறிவுரை வழங்கினர் அண்டை வீட்டார். தலையிலே எவன் எழுதினான்? 60,000 ரூபாயைத் தராமல் வைத்திருப்பவர் கையும் காலும் உள்ள மனிதர். அதே தெருவில் உலவுகிறார்!

நம் படிப்பகங்களிலே மாலைதோறும் நாளேடு படிக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை, மனு எழுதித் தருவோமே! சட்ட உதவிக்கு 15100, நுகர்வோர் முறையீட்டுக்கு 1915 என்ற தொலைபேசி எண்களைச் சுவரிலே எழுதுவோமே! சினிமாச் சுவரொட்டிக்கு இருக்கும் இடம் இதற்கில்லையா?

அடுத்த வாரம் மீண்டும் சென்றோம், பிரிவு எண்ணை ஒரு தாளிலே எழுதிக்கொண்டு. எழுத்தர் அதைப் படித்தார், நம்மையும் பார்த்தார், சான்றிதழ் கேட்கவில்லை. மனு ஏற்கப்பட்டு, வழக்கறிஞரும் அமர்த்தப்பட்டிருக்கிறார். அடுத்த திங்கள் 12-ஆம் நாள் விசாரணை. அன்றைக்குப் பள்ளியிலே ஆண்டாய்வு. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.