பாஸ்வேர்டை எங்கே டைப் செய்கிறீர்கள்?

புதிதாக ஒரு ஆப் இன்ஸ்டால் செய்கிறீர்கள். பெயர், இமெயில் எல்லாம் நிரப்பச் சோம்பல். 'கூகுள் மூலம் உள்நுழைக' பட்டனைத் தட்டுகிறீர்கள். அடுத்து வரும் திரை யாருடையது என்று கவனித்ததுண்டா?

அது இரண்டு விதமாக வரலாம். ஒன்று, போனில் இருக்கும் குரோம், சஃபாரி போன்ற பிரவுசரில் திறப்பது. இன்னொன்று, அந்த ஆப்பே தனக்குள் ஒரு குட்டி ஜன்னல் திறந்து, அதில் லாகின் பக்கத்தைக் காட்டுவது. இதற்கு 'வெப்வியூ' என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆனால், வெப்வியூவின் லகான் ஆப்பின் கையில். நீங்கள் அதில் டைப் செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் அந்த ஆப் நினைத்தால் படிக்கலாம். மேலே தெரியும் இணைய முகவரியைக்கூடப் போலியாகக் காட்டலாம். பிரவுசரில் திறந்தால், பாஸ்வேர்டு ஆப்பின் கைக்குப் போகாது. 'இவர் இன்னார்தான்' என்ற அனுமதிச் சீட்டு மட்டுமே அதற்குக் கிடைக்கும்.

இதனால்தான் 2017-ல் கூகுள், ஆப்களின் வெப்வியூவுக்குள் தன் லாகின் பக்கம் திறப்பதைத் தடுத்தது. 2021-ல் ஆண்ட்ராய்டில் ஃபேஸ்புக்கும் அதையே செய்தது. ஆனாலும், அச்சு அசலாக ஒரு போலிப் பக்கத்தை வரைந்து காட்டும் ஆப்பை இந்தத் தடை ஒன்றும் செய்யாது. அங்கே நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். ஜிமெயில் ஒன்று கைமாறினால் போதும். மற்ற பல அக்கவுன்ட்களின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க்கும் அங்கேதானே வருகிறது!

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரவுசரில் ஏற்கெனவே லாகின் செய்திருந்தால், பாஸ்வேர்டு கேட்காமல் உங்கள் பெயரே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் போனே அக்கவுன்ட் பட்டியலைக் காட்டுவதும் உண்டு. ஐபோனில், 'இந்த ஆப் இன்ன தளம் மூலம் உள்நுழைய விரும்புகிறது' என்று போன் முன்கூட்டியே அனுமதி கேட்கும். இவையெல்லாம் நல்ல அறிகுறிகள். எப்போதும் லாகினில் இருக்கும் அக்கவுன்ட்டுக்குப் புதிய ஆப் ஒன்று திடீரென பாஸ்வேர்டு கேட்டால், டைப் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள்.

வங்கியின் சொந்த ஆப்பில், அதே வங்கியின் பின் நம்பரைப் போடுவது வேறு விஷயம். அங்கே பூட்டும் சாவியும் ஒருவருடையதே. அசல் ஆப்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவியில்?

ரிமோட்டில் பாஸ்வேர்டைத் தட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அதனால் பல டிவி ஆப்கள் திரையில் ஒரு கோடு காட்டுகின்றன. அதை போன் பிரவுசரில் போட்டால், டிவியில் லாகின் ஆகிவிடும். வசதிதான். ஆனால், உங்கள் கண்முன் இருக்கும் டிவி காட்டும் கோடை மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வேறு யாரோ அனுப்பும் கோடைப் போட்டால், உங்கள் அக்கவுன்ட் அவருடைய கருவியில் திறந்துகொள்ளும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தை இன்றே சொல்லிவிடுங்கள்.