கேள்வித்தாள் வந்த தெருவுக்குப் பதில் வந்ததா?

ஸ்ரீமுஷ்ணம் சுற்றுவட்டாரக் காலனித் தெருக்களுக்குக் கேள்வித்தாளோடு ஆட்கள் வருவது புதிதல்ல. கல்லூரி மாணவர்கள் வருவார்கள், தொண்டு நிறுவனத்தார் வருவார்கள், எப்போதாவது வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் மொழிபெயர்க்க ஆளோடு வருவார். வீட்டில் எத்தனை பேர், எதுவரை படிப்பு, என்ன வேலை, எவ்வளவு கடன், கடைசியாக யாருக்கு உடம்பு முடியாமல் போனது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள் என்று கேட்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து நாமும் சொல்வோம். எழுதிக்கொண்டு போவார்கள். அந்தத் தாள் எங்கே போனது, நம்மைப் பற்றி அதில் என்ன எழுதினார்கள் என்ற செய்தி மட்டும் தெருவுக்குத் திரும்பி வருவதில்லை. 'எழுதிக்கிட்டுப் போறாங்க, என்ன ஆவப்போவுது' என்ற சலிப்பு நம் தெருக்களில் சும்மா வந்ததல்ல.

இப்போது இன்னொரு கணக்கு வருகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கணக்கிடப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2027 மார்ச் 1 அதற்கான குறிப்பு நாள். சாதிவாரிக் கணக்கு தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பட்டியல் சாதியினரின் எண்ணிக்கை சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எடுக்கப்பட்டே வருகிறது. 2011 கணக்கின்படி கடலூர் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; மாநில அளவில் இது 20. நாம் எத்தனை பேர் என்பது அரசுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை எங்கே உட்கார வைத்தார்கள், செங்கல் சூளையில் முன்பணத்தை எப்படிக் கழித்தார்கள், பிரசவத்துக்குப் போன இடத்தில் என்ன பேச்சு வாங்கினோம் என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் இல்லை. பல்கலைக்கழகங்களில் இதைத்தான் வாழ்ந்த அனுபவம் என்கிறார்கள். இந்த அனுபவத்தைக் கேட்கிறவர் யார், எந்தத் தெருவில் உட்கார்ந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பதிலும் மாறும்.

சமூகவியல் மாணவர்கள் ஆந்த்ரே பெத்தேயின் பெயரைப் பாடத்தில் படித்திருப்பார்கள். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்து, சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி 1965இல் நூல் வெளியிட்டவர். இன்றும் மதிக்கப்படும் நூல் அது. ஆனால் அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அந்தத் தெருவின் ஆளாகவே ஊர் அவரைப் பார்த்தது. சேரிக்குள் நினைத்தபடி போய்ப் பழக முடியவில்லை. இதை அவர் மறைக்கவும் இல்லை. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கிராமத்தின் கதையை எழுத வந்தவருக்குச் சேரியின் கதை தூரத்திலிருந்தே கிடைத்தது என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்று புதுச்சேரிப் பக்கத்தில் நடந்தது. நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்யப் போன ஜோசியான் ராசின், வீரம்மா என்ற தலித் விவசாயக் கூலிப் பெண்ணைச் சந்தித்தார். ஜோசியானுக்குத் தமிழ் தெரியும். பாட்டில் தொடங்கிய பழக்கம் ஏறத்தாழ பத்தாண்டுப் பேச்சாக வளர்ந்தது. வீரம்மா பிரசவம் பார்ப்பவரும்கூட. அவர் சொன்ன வாழ்க்கை வரலாறு 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்று பேரை மட்டும் மிச்சமாகக் கண்ட தாய் அவர். கணக்கெடுப்பவருக்கு அது ஒரு கட்டத்தில் எழுதிவிட்டுப் போகும் எண். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவளின் ஒன்பது பிள்ளைகள் ஏன் தங்கவில்லை என்று கேட்டால்தான் பசியும் கூலியும் வைத்தியமும் எட்டாத தூரமும் பேச்சுக்கு வரும்.

நம் மாவட்டத்திலேயே நடந்துவரும் பெரிய ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் ஆய்வாளர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் 2010, 2016-17, 2020-21 என ஒரே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து வேலை, கடன், படிப்பு, இடம்பெயர்வு பற்றித் தகவல் திரட்டியிருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் மூவரும் கடன்பட்ட பெண்ணைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2023இல் வந்தது. கடனை அலைந்து வாங்குவதும், தவணை தவறாமல் கட்டுவதும், கட்ட முடியாதபோது அவமானத்தைத் தாங்குவதும் பெண் தலையில் விழுகிறது, தலித் குடும்பங்களில் வருமானத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சுமை இன்னும் கூடுதல் என்பது அவர்கள் சொல்வதன் சாரம். செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்துக்கு ஓடும் எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆனால் தன் வீட்டுக் கஷ்டம் தன் கைக்கோளாறு அல்ல, நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரி நடக்கிறது என்பது புதிய செய்தி. அந்தச் செய்திதான் அவளிடம் திரும்பி வர வேண்டும். ஆங்கில நூலாக மட்டும் வந்தால் அவளுக்கு அது வந்ததாக ஆகாது.

அப்படியானால் ஆய்வால் எதுவுமே நடப்பதில்லையா? நடந்திருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் குடிசை, உணவு, அடிமைக் கடன், படிப்பு ஆகியவற்றை விசாரித்து எழுதிய அறிக்கையை அடுத்துத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. கைமாறிப்போன அந்த நிலங்களை மீட்க இன்றும் அந்த ஆணையின் எண்ணைத்தான் மனுவில் எழுதுகிறோம்.

அதைவிட நமக்கு நெருங்கிய சாட்சி பக்கத்து ஊரில் பிறந்தது. காட்டுமன்னார்கோவில் எல். இளையபெருமாள். பள்ளிக்கூடத்தில் தம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவன் என்று அவரைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் சொல்வார்கள். 1952இல், இருபதுகளின் கடைசியில், கடலூர் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குப் போனார். 1965இல் தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதாரம், கல்வி ஆகியவற்றை நாடு முழுவதும் ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். பானையை உடைத்தவர் கையில் கேள்வித்தாள் வந்தது! மாநிலம் மாநிலமாகப் போய் விசாரித்து 1969 ஜனவரி 30 அன்று, காந்தி நினைவு நாளில், அறிக்கை தந்தார்கள்.

அந்த அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அது சொன்னது. 1970 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, திருத்தத்துக்கான காரணமாக இந்தக் குழுவின் பரிந்துரையைத்தான் எழுதியது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், ஆகம மரபைக் காக்க வேண்டும் என்ற வரம்போடு, பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றது. பூவராகர் கோயில் நிழலில் வாழும் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்களுக்கு இந்தச் சங்கதி கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும்: அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்ற நெடிய வழக்கின் முதல் தாள்களில் ஒன்றை எழுதியவர் நம் வட்டாரத்துக்காரர். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று ஆனதற்கும் இந்த அறிக்கைதான் அடித்தளம். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பாதையில் வந்த அடுத்த படி.

அறிக்கைக்கு இந்த வலு எப்படி வந்தது? தலைவர் படித்தவர் என்பதால் மட்டும் அல்ல. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்க, அந்தப் பானையைப் பார்த்திருக்க வேண்டும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுவோர் ஒரு பக்கமும் தகவல் திரட்டித் தரும் உழைப்பாளிகளாகத் தலித்துகள் இன்னொரு பக்கமும் நிற்பதைக் கோபால் குரு 2002இல் ஒரு கட்டுரையில் கடுமையாகக் கேள்வி கேட்டார். அனுபவம் நம்முடையது, விளக்கம் வேறொருவருடையது என்ற ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. அதற்காக வெளியாள் எழுதக்கூடாது என்றும் சொல்ல மாட்டோம். ஜோசியான் வெளியாள்தான்; பத்தாண்டு உட்கார்ந்து கேட்டார்.

பானை போய்விட்டது என்று நினைப்பவர்கள் நாங்குநேரியை நினைத்துப் பார்க்கட்டும். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இளையபெருமாள் அறிக்கை சட்டமானதுபோல இது எவ்வளவு தூரம் போகும் என்பது அரசு எடுக்கும் நடவடிக்கையில் இருக்கிறது. அந்த அறிக்கையைத் தம் பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசிரியர்களோ மாணவர்களோ அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் கிடக்கின்றன. விருத்தாசலம் பீங்கான் தொழிலை எடுத்துக்கொள்வோம். அகல் விளக்கும் கொலு பொம்மையும் மின்கம்பத்துப் பீங்கானும் செய்யும் தொழில். மண்ணிலும் கல்பொடியிலும் சிலிக்கா உண்டு. அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு என்று பார்வைக்குக் காசநோய் போலவே இருக்கும்; காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். காசநோய் மாத்திரை மட்டும் தின்றுகொண்டு அதே தூசிக்குத் திரும்புகிறவருக்குக் குணம் எப்படி வரும்? சட்டப்படி இது தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். தொழில்நோய் என்று பதிவானால்தான் இழப்பீட்டுக்கு வழி உண்டு. களி மண் பிசைந்தவர், சலித்தவர், சூளையில் நின்றவர் ஒவ்வொருவரிடமும் எத்தனை ஆண்டு, எந்த வேலை, முகக்கவசம் கொடுத்தார்களா, எப்போது இருமல் தொடங்கியது என்று கேட்டு எழுதுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படித்தால் போதும்.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டுதான் கிராமங்களை ஆராய வைத்தார். அப்போது தென்னார்க்காட்டில் இருந்த, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. 1930களிலிருந்து 2008 வரை அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். மாணவன் எழுதிய குறிப்பு நூறாண்டு நின்றிருக்கிறது. இன்று முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் உதவித்தொகை தருகிறது. தலைப்புத் தேடும் மாணவர்களுக்குச் சொல்கிறோம்: அம்மாவின் தவணைப் புத்தகமும் அப்பாவின் இருமலும் தலைப்புதான்.

இனி கேள்வித்தாளோடு வருகிறவரிடம் நாமும் சிலவற்றைக் கேட்கலாம். நீங்கள் யார், எந்த நிறுவனம், இது எதற்கு, எங்கள் பெயர் வெளியே வருமா? உடல்நல ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். பாதியில் வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. பதில் சொல்லாததால் ரேஷனோ நூறு நாள் வேலையோ நின்றுவிடாது. கடைசியாக ஒன்று: முடிந்ததும் என்ன கண்டீர்கள் என்று தமிழில் நான்கு பக்கம் எழுதி ஊராட்சிக்கு அனுப்புவீர்களா? அனுப்பினால் அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்லலாம், தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லலாம்.

சிதம்பரத்தில் இளையபெருமாளுக்கு நூற்றாண்டு நினைவரங்கம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சிலைக்கு மாலை போடப் போகிறவர்கள் அவருடைய 1969 அறிக்கையையும் கேட்டுப் பார்க்கட்டும். அது தமிழில், ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றின் புத்தக அலமாரியிலும் இருக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தொடங்கினாலும் சரிதான்.