முதிர்ந்த ஆன்மாவும் இறக்கி வைக்க முடியாத சுமையும்

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் வீடுகளில் "ஓல்ட் சோல்" என்ற ஆங்கிலத் தொடர் இப்போது தாராளமாகப் புழங்குகின்றது. தாத்தாவின் பக்கத்தில் இருந்து பழைய பாட்டுக் கேட்கும் பேரன் ஓல்ட் சோல். பிறந்தநாள் விழாவில் ஓடி ஆடாமல் ஒதுங்கியிருந்து புத்தகம் படிக்கும் பேத்தியும் ஓல்ட் சோல். ஊரில் இதற்கு வேறு சொற்கள் இருந்தன. "விட்டகுறை தொட்டகுறை" என்பார்கள்; "முற்பிறப்பு வாசனை" என்பார்கள். அதே பிள்ளை பெரியவர்களை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அதே முதிர்ச்சிக்கு "பிஞ்சிலே பழுத்தது" என்று பெயர் மாறிவிடும்! ஆக, ஒரு பிள்ளையின் ஆன்மாவுக்கு வயது குறிப்பது அந்தப் பிள்ளையால் நமக்குக் கிடைக்கும் வசதிதானோ என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் தத்துவத்தைப் பார்ப்போம். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்கின்றது சைவ சித்தாந்தம். தொடக்கம் இல்லாத ஒன்றுக்கு வயது ஏது? அவ்வாறாயின் எந்த உயிரும் இன்னோர் உயிருக்கு மூத்ததன்று. வேறுபாடு பக்குவத்தில் மட்டுமே. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார் சிறு பிள்ளையாக இருந்தபோதே ஞானம் பெற்றவர் என்பது மரபு. 12 சூத்திரங்கள் கொண்ட சிவஞானபோதத்தைத் தந்தவர் அவர். குலகுருவாக விளங்கிய முதியவர் அருணந்தி சிவாசாரியார், சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், அந்தப் பிள்ளைக்கே மாணவரானார். பக்குவம் கண்ட இடத்தில் பெரியவர் பணிந்து கற்றார். பிள்ளையின் தலையில் தம் பாரத்தை ஏற்றவில்லை.

எங்கள் திருகோணமலைக்கும் இதில் ஓர் உரித்து உண்டு. கோணமாமலை அமர்ந்தவரைப் பதிகம் பாடிப் போற்றியவர் 7ஆம் நூற்றாண்டின் திருஞானசம்பந்தர். முதிர்ந்த ஆன்மா என்று தமிழர் எவரையேனும் சொல்லலாம் என்றால் அவரைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஆனால் சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். சீர்காழிக் குளத்தில் நீராட இறங்கிய தந்தை நீரில் மூழ்கியபோது, அவரைக் காணாமல் அழுதது அந்த மூன்று வயதுப் பிள்ளை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது. அதன் பிறகுதான் பதிகம் பிறந்தது. ஞானக் குழந்தைக்கும் முதலில் அழுவதற்கு உரிமை இருந்தது. அழுகையைக் கேட்பதற்குத் தாயும் இருந்தாள்.

பாலையூற்றில் நான் கண்ட பிள்ளைக்கு அந்த வரிசை வாய்க்கவில்லை. பாலை மரத்தையும் நீரூற்றையும் சேர்த்துப் பெயராகக் கொண்ட அந்த ஊர் திருகோணமலை நகரை அடுத்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், கரையோர வீட்டை இழந்து, அங்கே உறவினர் வீட்டில் தங்கியிருந்த குடும்பம் அது. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண். தந்தை பேச்சிழந்தவர்போல் திண்ணையில் இருந்தார். நிவாரண அட்டையைக் கையில் வைத்திருந்தவள் 12 வயது மூத்த மகள். எத்தனை பால்மாப் பொதி வந்தது, அரிசி எந்தக் கிழமை தருவார்கள், கிராம சேவகர் எப்போது வருவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "பிள்ளையைப் பாருங்கோ, பழுத்த ஆத்மா, கிழவிக்கு உள்ள பொறுப்பு" என்று அயலவர் மெச்சினர். எந்த வகுப்புப் படிக்கிறாய் என்று கேட்டேன். "இந்த வருசம் போகேல்லை ஐயா, தம்பியைப் பார்க்க ஆளில்லை" என்றாள். அவள் குரலில் முறைப்பாடு எதுவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

1998 முதல் இலங்கையில் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயம். 2016இல் அந்த எல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பழுத்த ஆத்மாக்களுக்கு அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு எதுவும் கிடையாது!

குடும்ப உளவியலில் இந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளை பெற்றோருக்கே பெற்றோராக மாற்றப்படுவதைப் பற்றி இவான் போசோர்மெனி நாகி, ஜெரல்டின் ஸ்பார்க் ஆகிய இருவரும் 1973இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதினர். அவ்வப்போது பொறுப்பை ஏற்பது பிள்ளையை வளர்க்கும். ஓய்வின்றி, நன்றியின்றி, வயதுக்கு மீறி ஏற்பது பிள்ளைப் பருவத்தை விழுங்கிவிடும். போரும் இடப்பெயர்வும் வறுமையும் கண்ட எங்கள் மாகாணத்தில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்! புலம்பெயர்ந்த நாட்டில், மொழி தெரியாத பெற்றோருக்காக வைத்தியசாலையிலும் வங்கியிலும் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் பத்து வயதுப் பிள்ளையும் இந்த வரிசையில் வருபவரே.

மறுபிறப்பு ஆராய்ச்சியை எடுத்துக் காட்டி என்னை மறுக்கும் அன்பர்களும் உள்ளனர். இயன் ஸ்டீவன்சன் 1966இல் வெளியிட்ட 20 சம்பவங்களில் மூன்று இலங்கையைச் சேர்ந்தவை. பின்னர் ஐஸ்லாந்து உளவியலாளர் எர்லெண்டூர் ஹரால்ட்சன், முற்பிறப்பு நினைவு உண்டென்று கூறும் இலங்கைப் பிள்ளைகளை ஆராய்ந்தார். சொல்வளத்திலும் படிப்பிலும் அவர்கள் முந்தி நின்றனர். அதேவேளை அவர்களிடம் கூடுதலான நடத்தைச் சிக்கல்கள் இருப்பதாகப் பெற்றோர் தெரிவித்தனர். முற்பிறப்பை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தப் பிறப்பில் அந்தப் பிள்ளைக்குக் கவனிப்பு வேண்டும் என்பதில் மட்டும் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

அதற்காகப் பழைய பாட்டை விரும்பும் பேரனைப் பந்து விளையாடத் துரத்த வேண்டாம். அது சுவை, அது அவன் உரிமை. சுவையையும் சுமையையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும். இந்த முதிர்ச்சியைப் பிள்ளை விரும்பும்போது இறக்கி வைக்க முடிகின்றதா? முடியுமானால் அது இயல்பு, மெச்சுங்கள். முடியாவிட்டால் மெச்சுவதை நிறுத்திவிட்டுச் சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளுங்கள். அயலவர் ஒருவர் தம்பியை நாளும் நான்கு மணிநேரம் பார்த்துக்கொண்டாலே ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போய்விடும். "பழுத்த ஆத்மா" என்ற பட்டத்தை விட அந்த நான்கு மணிநேரம் பெரிது.