வெம்மையை அளக்கும் கல்வி

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயமோ, நிழலையும் வெப்பத்தினின்று காக்கும் ஆடையையும் இறைவனின் அருட்கொடைகளுள் வைத்து எண்ணுகின்றது. ஆயினும், மனிதவுடல் எவ்வளவு வெம்மையில் இதமாக இருக்கும் என்று ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொள்ளத்தக்க கல்வித்துறை ஒன்று உண்டு என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அத்துறைக்கு உலகளவில் வழிவகுத்தவர் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஓ. ஃபேங்கர் (1934–2006). காற்றின் வெப்பநிலை, சுவரும் கூரையும் வீசும் கதிர்வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்த ஆடை, செய்யும் வேலை ஆகிய ஆறும் சேர்ந்தே நம் வெப்ப உணர்வை முடிவு செய்கின்றன எனக் கொண்டு, அவற்றை ஒரே சமன்பாட்டில் அடக்கி 1970-இல் நூலாக வெளியிட்டார். 1984-இல் அது பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. எவ்வளவு சீராக அமைந்த அறையிலும் நூற்றுக்கு ஐவரேனும் மனநிறைவு கொள்ளார் என்பதும் அவர் கண்ட முடிவே.

எனினும், அச்சமன்பாட்டுக்கு அடிப்படையாய் அமைந்தோர் ஆய்வறைகளில் அமர்த்தப்பட்ட அமெரிக்க, டென்மார்க் மக்களே. அவருள்ளும் பெரும்பாலோர் கல்லூரி மாணவர். வேனிலிலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கும் அவ்வளவுகோல் பொருந்துமா என்னும் ஐயம் எழுந்தது இயல்பே. உரூர்க்கி, பாக்தாத் நகரங்களில் திரட்டிய பதிவுகளை ஃபெர்கஸ் நிக்கல் ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார். உரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஆர். சர்மா, ஷராஃபத் அலி இருவரும் இந்தியரையே ஆராய்ந்து 1986-இல் ‘வெப்பமண்டலக் கோடைக் குறியீடு’ ஒன்றை வகுத்தனர். அதன்படி 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நம்மவர்க்கு இதமானதே. பன்னாட்டுத் தரநிலையோ கோடைக்கால அலுவலகத்துக்கு ஏறத்தாழ 23 முதல் 26 டிகிரியைக் கூறுகின்றது. அளக்கும் முறை வேறாயினும், உண்மை எத்திசையில் உள்ளது என்பது தெளிவு.

இங்கு நாம் போற்ற வேண்டியது ஃபேங்கரின் நேர்மையையே. குளிர்சாதனமில்லாத வெப்பநாட்டுக் கட்டடங்களில் தம் சமன்பாடு வெம்மையை மிகைப்படுத்திக் காட்டுவதை ஒப்புக்கொண்டு, 2002-இல் டாஃப்டம் என்பவருடன் சேர்ந்து அதனைத் திருத்தினார். தாம் நாட்டிய கொள்கையைத் தாமே திருத்த முன்வருதல் ஆய்வாளனுக்கு இழுக்கன்று. அதுவே அறிவின் அறம்.

குளிர்சாதனப் பெட்டி வந்தபின் இவ்வாய்வு எதற்கு எனச் சிலர் வினவலாம். அப்பெட்டி அனைவர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்ப்பினும் அது உள்ளறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகின்றது. தகரக் கூரையின்கீழ் தைப்பவரும், தோல் பதனிடுவோரும், செங்கற்சூளையில் உழைப்போரும் எவ்வளவு நேரம் வெம்மை தாங்கலாம், எப்போது ஓய்வும் தண்ணீரும் பெற வேண்டும் என்பதை இக்கல்வியே சொல்லவல்லது. இந்நூற்றாண்டின் வெப்ப அலைகள் அத்தேவையை மேலும் கூர்மையாக்கியுள்ளன. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தமை நாம் அறிந்ததே.

எனவே, பெரியோரை நாம் வேண்டுவது இதுவே: கல்விக்கூடம் எழுப்பும் கொடையாளர், அதன் கூரையும் சாளரமும் உள்ளிருப்போர்க்கு இதம் தருமா என்று கேட்டபின் வரைபடத்துக்கு இசைவு தருக, தொழிற்கூடம் நடத்துவோர், உழைப்பவர் நிற்குமிடத்தின் வெம்மையை அளந்தறிக. மாணவர்காள்! பொறியியல், மருத்துவம், உடலியல், கட்டடக்கலை என எத்துறை வழியாகவும் இவ்வாய்வினுள் புகலாம். பிற நாட்டாரின் உடலளவில் தைத்த சட்டையை நாம் எத்தனை நாள் அணிவது? நம் மக்களின் வெம்மையை நாமே அளக்கப் புகுவோம். அம்முயற்சிக்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக!